டிஸ்ட்ரிக்ட் நர்சிங் மேற்படிப்பு: சேமிப்பைக் கரைப்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: நாகர்கோவிலைச் சேர்ந்த நான், மூன்று ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். டிரஸ்டில் (அரசு மருத்துவச் சேவை நிறுவனம்) பேண்ட் 5 என்ற ஊதிய நிலையில், நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் சமூகச் செவிலியராக, நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பில் கிடைக்கும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் பணிபுரிகிறேன். ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு எடுத்து, டிஸ்ட்ரிக்ட் நர்சிங் முதுநிலை டிப்ளமோ படிக்க விரும்புகிறேன். கட்டணம் 9,000 பவுண்டு என்கிறார்கள். கையில் 11,000 பவுண்டு இருக்கிறது. ஊரில் நகைக்கடன் எடுத்துத் தருவதாக அண்ணன் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படிப்பை நான் தடுக்கவில்லை. வீட்டிலேயே இறுதி நாட்களைக் கழிக்கும் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் துணை நிற்கும் ஒரு குழுவை வழிநடத்தத் தகுதி தரும் படிப்பு இது. ஆனால் அதன் செலவைச் சுமக்க வேண்டியது உங்கள் டிரஸ்ட்.

நீங்கள் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டிருக்கிறீர்கள். 2025-26 ஊதிய அட்டவணைப்படி, இரண்டு ஆண்டு அனுபவத்தைக் கடந்த பேண்ட் 5 செவிலியரின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 33,487 பவுண்டு. விடுப்பில் இழக்கப்போவது இந்தத் தொகை. கூடவே, ஆண்டுச் சம்பளத்தில் 54-இல் ஒரு பங்கு என்று சேரும் ஓய்வூதியமும் அந்த ஆண்டு சேராது. இதைவிடப் பெரிய ஆபத்து விசாவில் இருக்கிறது. ஒரு காலண்டர் ஆண்டில் நான்கு வாரங்களுக்கு மேல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தால், மகப்பேறு, நோய் போன்ற சில விலக்குகள் தவிர, நிறுவனம் உங்கள் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்த வேண்டி வரும். 9,000 பவுண்டு என்பதும் உள்நாட்டு மாணவர் கட்டணமாக இருக்கக்கூடும். உங்கள் விசாவுக்கு எந்தக் கட்டணம் என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

படித்து முடித்தபின் வரும் வருமானத்தையும் நிதானமாகப் பாருங்கள். அதே 2025-26 அட்டவணைப்படி, அடுத்த ஊதிய நிலையான பேண்ட் 6-இன் தொடக்கச் சம்பளம் 38,682 பவுண்டு. மேலே சொன்ன பேண்ட் 5 சம்பளத்தோடு ஒப்பிட்டால் 5,195 பவுண்டு கூடுதல். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் போக அதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கைக்கு வராது. மேலும், நான்கு ஆண்டு அனுபவம் முடிந்தால் பேண்ட் 5-லேயே உங்கள் சம்பளம் 37,796 ஆகிவிடும். அப்போது பதவி உயர்வின் முதல் ஆண்டு ஆதாயம் வெறும் 886 பவுண்டுதான். உண்மையான பலன், பேண்ட் 6-இன் உச்சமான 46,580-ஐ நோக்கி நீங்கள் ஏறும் பிந்தைய ஆண்டுகளில்தான் வரும். அதுவரை காத்திருக்க வேண்டிய பலனுக்காக இன்றே சேமிப்பைத் துடைத்தெடுப்பது சரியல்ல.

படிப்புக்காக எடுக்கும் நகைக்கடனுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது. கல்விக்கடன் வட்டிக்கான வரிச் சலுகைகூட இந்தியாவில் வரி கட்டும் வருமானம் இருந்தால்தான் பயன்படும். இங்கிலாந்து அரசின் முதுநிலைக் கடன் முழு மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு மட்டுமே உரியது. டிப்ளமோவுக்குக் கிடையாது, உங்கள் விசாவில் இருப்போருக்கும் பொதுவாகக் கிடைக்காது.

ஆகவே, உங்கள் நேரடி மேலாளரிடம் சம்பளத்துடன் கூடிய பயிற்சி இடம் கேளுங்கள். ஓராண்டு முழுநேரமாகவோ இரண்டு ஆண்டு பகுதிநேரமாகவோ டிரஸ்ட் அனுப்பிவைப்பது இத்துறையில் வழக்கம். களப்பயிற்சிக்கு மேற்பார்வையாளரும் மதிப்பீட்டாளரும் தேவை என்பதால், நிறுவனத்தின் ஆதரவின்றி இடம் கிடைப்பதும் கடினம். பயிற்சிக் காலத்தில் எந்த பேண்டில் சம்பளம், படிப்பு முடிந்ததும் பேண்ட் 6 பணியிடம் உறுதியா, மருந்து எழுதும் தகுதியான வி300 பாடமும் சேர்ந்ததா என்பவற்றை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதங்கள் கடக்கக் கடக்கத் தொகை குறையும்படி எழுதச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் அப்ரென்டிஸ்ஷிப் (வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பயிற்சித் திட்டம்) வழியாக இடம் தந்தால், பயிற்சிக் கட்டணத்தை உங்களிடம் வசூலிக்க நிதி விதிகள் அனுமதிப்பதில்லை. ஆனால் 2026 ஜனவரி முதல், 22 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் ஏழாம் நிலை (முதுநிலைப் படிப்புக்கு இணையான) அப்ரென்டிஸ்ஷிப்புக்கான பொது நிதி பெருமளவு நிறுத்தப்பட்டுவிட்டதால், எந்த நிதியிலிருந்து கட்டணம் செலுத்தப்படுகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

இந்த ஆண்டு டிரஸ்ட் மறுத்தால், அடுத்த சேர்க்கை வரை பொறுத்திருந்து மீண்டும் விண்ணப்பியுங்கள். அந்த 11,000 பவுண்டில் ஆறு மாதச் செலவுக்கான தொகையை எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலும், மீதியை விசா நீட்டிப்புக்கும் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்கும் என்று தனியாகவும் வைத்திருங்கள்.