மனம் தளர்ந்திருந்த காலத்தில் உங்களைத் தாங்கிய, ஒரு பெண் எழுதிய நூல் எது?

ராஸ்சுந்தரி தேவி வங்காள மொழியில் எழுதிய 'ஆமார் ஜீபன்' என்ற தன்வரலாறுதான் என் பதில். 'என் வாழ்க்கை' என்பது தலைப்பின் பொருள். 1876இல் வெளிவந்ததாகப் பாடநூல்கள் குறிப்பிடும் இதனை வங்காளத்தின் முதல் தன்வரலாறு என்பார்கள். அந்த 'முதல்' என்ற சொல்லுக்காகவே ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். ஒவ்வொரு இயலையும் இறைவணக்கப் பாடல் ஒன்றோடு அவர் தொடங்குவது அலுப்பூட்டவே, சில பக்கங்களோடு மூடியும் வைத்தேன்.

மீண்டும் அதை எடுத்தது, பக்கவாதத்தால் என் தாயார் படுத்த படுக்கையான ஆண்டில். பாதி எழுதியிருந்த ஆய்வேட்டை நான் நிறுத்தியிருந்தேன். வேளை தவறாமல் மருந்து கொடுப்பதும், புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதுமாக நாள் கழிந்துவிடும். இரவில் எதையாவது வாசிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரே வரியை நான்கு முறை படித்துவிட்டு உறங்கிப்போவேன். வேலையின் களைப்பைவிட, படித்ததெல்லாம் கைவிட்டுப் போகிறதே என்ற அச்சம்தான் என்னை அதிகம் வாட்டியது.

ராஸ்சுந்தரிக்குப் படிப்பு கைக்கு வரவே இல்லை. சிறுமியாக இருந்தபோது அவருடைய வீட்டின் வெளிப்பகுதியில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடந்தது; அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்ததில் காதில் விழுந்தவைதான் அவர் அறிந்த எழுத்துகள். 12 வயதில் திருமணம். பிறகு பெரிய குடும்பம், ஏறத்தாழ 25 பேருக்கு இரு வேளையும் சமையல், 12 பிள்ளைப்பேறு. படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்று நம்பிய காலம் அது. தரையில் கிடக்கும் தாளை ஒரு பெண் பார்த்தாலே ஏசுவார்கள் என்பதால், எழுதிய தாளின் பக்கம் அவர் கண்ணைக்கூடத் திருப்புவதில்லை.

அப்படியிருந்தும், வைணவத் துறவி சைதன்யரின் வாழ்க்கையைப் பாடும் சைதன்ய பாகவதத்தைத் தாம் வாசிப்பதாக ஒரு நாள் அவருக்குக் கனவு வருகிறது. சில நாள் கழித்து அதே நூலை அவருடைய கணவர் வெளியே எடுத்து வைக்க, அட்டையிலிருந்த படத்தை அடையாளமாக நினைவில் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரத்தில் அதிலிருந்து ஒரே ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைக்கிறார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். ஓலையில் உள்ள எழுத்தை ஏட்டில் தேடுவது, அதைச் சிறுவயதில் கேட்ட ஒலியோடு பொருத்துவது, அடுத்த எழுத்துக்குப் போவது. சமைக்கும்போது இடக்கையில் ஏடு, முகத்தில் முக்காடு. அப்போது அவருக்கு வயது 25 அளவில் இருக்கும். எழுதக் கற்றது இன்னும் பல ஆண்டுகளுக்குப் பின், மகன் தாளும் மையும் வாங்கிக் கொடுத்து வற்புறுத்திய பிறகு.

அந்த ஓர் ஏடு என்ற அளவுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. முழு நூலும் எட்டும் தொலைவில் இருக்கும்போது அவர் அதை எடுக்கவில்லை. ஒளித்து வைக்கக்கூடிய அளவை மட்டும் எடுத்தார். அவர் பட்ட பாட்டோடு என் நிலையை ஒப்பிடுவது முறையல்ல என்று அறிவேன். ஆனாலும் செயலைக் கடன் வாங்கலாம் அல்லவா? ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து ஒரு பக்கத்தை அச்செடுத்து, நான்காக மடித்து, மாத்திரை அட்டைகளுக்கு அடியில் மருந்துப் பெட்டிக்குள் வைத்தேன். மருந்து எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். சில நாள் ஒரு சொல்லைத் திருத்துவேன், பல நாள் எதுவுமில்லை. இருமல் மருந்து சிந்தி ஒரு மூலை ஒட்டிப்போன அந்தப் பக்கத்தை முடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று. பிறகு அடுத்த பக்கத்தை வைத்தேன்.

ஊக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆறுதல் வேறோர் இடத்திலிருந்து வந்தது. ராஸ்சுந்தரியின் கணவரிடம் ஒரு குதிரை இருந்தது. அது ஒரு நாள் முற்றத்தில் குவித்திருந்த நெல்லைத் தின்னத் தொடங்க, விரட்ட வேண்டிய இவரோ, எசமானரின் குதிரை முன்னால் எப்படிப் போய் நிற்பது, அது தம்மைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று வெட்கி உள்ளே ஒளிந்துகொள்கிறார்! முதுமையில் இதை எழுதும்போது அவர் தம்மையே பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை. அதே நேரத்தில் நடந்ததை நியாயப்படுத்தவும் இல்லை. நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். (நான் தாண்டிச் சென்ற வணக்கப் பாடல்களுக்கும் பின்னர் காரணம் புரிந்தது. அச்சம் வந்தால் நம் வீட்டுத் தெய்வமான தயாமாதவனைக் கூப்பிடு என்று சிறுவயதில் தாய் சொல்லித் தந்ததை அவர் கடைசிவரை விடவில்லை.)

ஒரு மாலை இந்தக் குதிரைக் கதையைத் தமிழில் என் தாயாருக்குச் சொன்னேன். நோய்க்குப் பிறகு அவருக்கு நான்கைந்து சொற்களே வாய்த்திருந்தன. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல விரிந்தது. மறுநாள் அதே நேரத்தில், கட்டிலருகே கிடந்த நூலைப் பார்த்து, "குதிரை" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு, புத்தகத்தை எடு என்று பொருள்.