ஒளியைச் சின்னச் சின்னத் தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் ஆரஞ்சுப் பழம் வரைந்தால் நிழல் ஏன் சேறாகிப் போகிறது?

பெரும்பாலும் கறுப்புதான் காரணம். மஞ்சள் சேர்ந்த கலவையில் கறுப்பு விழுந்தால் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் குஸ்தாவ் கயெபோத்தின் பழக்கடை ஓவியத்தைப் பாருங்கள், 1881-82 வாக்கில் வரைந்தது. பழங்களுக்கு அடியில் வெள்ளைத் தாள். அதன் மடிப்பு நிழல்களில் நீலச்சாயல்தான் தெரியும்.

பழத்தின் நிழல்பக்கத்துக்கு ஆரஞ்சோடு அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), துளியே துளி அல்ட்ராமரின் (அடர் நீலம்). தாளில் விழும் நிழலுக்கு வெள்ளை, அல்ட்ராமரின், கொஞ்சம் அலிசரின். ஈரமான ஆரஞ்சின் மேல் நீலத்தைத் தேய்க்காதீர்கள். எதிர்நிறங்கள் குழைந்து பழுப்பாகிவிடும். ஒரு தீற்றல் வைத்ததும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, அடுத்ததைப் பக்கத்தில் வையுங்கள். ஒளிப்புள்ளி கடைசியில், கெட்டியாக. சன்னல் வெளிச்சத்தில் வரைந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள், நிழல் நகர்ந்துவிடும்.