ஸ்டார் கவுண்டி ஏன் மாறியது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். குடியேறிகளைக் கூட்டம் கூட்டமாக நாடுகடத்துவேன் என்று மேடைக்கு மேடை முழங்கியவர் டிரம்ப். 2024இல் லத்தீனோக்களில், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். தங்கள் இனத்துக்கே துரோகம் செய்யும் இந்த மனநிலையை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் ஒரே இனம் என்று யார் சொன்னது? ஓட்டுப் போட்டவர்கள் குடிமக்கள். நாடுகடத்தலுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்பவர்களுக்கு ஓட்டே கிடையாது. இரு தரப்பும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கேள்வி.

டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. ரியோ கிராண்டே ஆற்றங்கரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் லத்தீனோக்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டனுக்கு 79 சதவீதம் கொடுத்த ஊர், 2024இல் டிரம்பை ஜெயிக்கவைத்தது. அதற்கு முன் 130 ஆண்டுகளுக்கு மேல் அங்கே டிரம்பின் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் எவரும் வென்றதில்லை.

1767இல் ஸ்பெயின் அரசு அந்த ஆற்றங்கரையை ஒடுக்கமான நீளப் பட்டைகளாக அளந்து பங்கிட்டது. ஒவ்வொரு பட்டையின் ஒரு முனையும் ஆற்றைத் தொடும். எல்லார் மாட்டுக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டுமே. அமெரிக்க-மெக்சிகோ போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் அதே ஆறு அந்த இரு நாடுகளின் எல்லையாகிவிட்டது. அந்தப் பங்குதாரர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் குடியேறிகள் என்றால் சிரிப்பார்கள். அந்தப் பக்கத்து இளைஞனுக்கு நல்ல சம்பளம் தரும் வேலைகள் எண்ணெய் வயலிலும் எல்லைக் காவல் படையிலும்தான். அந்தப் படையில் ஏறக்குறையப் பாதிப் பேர் லத்தீனோக்கள் என்பது நம் ஊடகங்களில் வருவதே இல்லை.

சரி, அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டார்களே, அது முற்போக்கா? உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கைகாட்டிய கட்சி அது. வேலையும் சலுகையும் அவர்கள் வழியாகவே வந்தன. கருக்கலைப்பை எதிர்க்கும் கத்தோலிக்க வீடுகள், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் அந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையைப் படித்தா ஓட்டுப் போட்டன? 2024இல் டிரம்ப் வென்ற அதே நாளில், ஸ்டார் கவுண்டி அடங்கிய தொகுதி ஹென்றி குவெயாரை மீண்டும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பியது. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர், கருக்கலைப்பை எதிர்ப்பவர்.

மயாமி கியூபர்களின் கதை வேறு: காஸ்ட்ரோவிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு சோஷலிசம் என்ற பேச்சே ஆகாது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவெர்த்தோ ரிக்கோவின் மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்; விசா கவலையே அவர்களுக்கு இல்லை.

லத்தீனோக்கள் நிரந்தரமாக வலது பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று இப்போது எழுதுகிறவர்களையும் நான் நம்பவில்லை. லத்தீனோக்கள் நிறைந்த நியூ ஜெர்சியின் பசாயிக் கவுண்டி 2024இல் டிரம்ப் பக்கம் போனது. மறு ஆண்டே ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பிவிட்டது.