பிரிட்டனின் பழைய ‘மினி’ கார் அவ்வளவு சின்னது; நான்கு பேருக்கு இடம் எப்படிக் கிடைத்தது?

எஞ்சினை நீளவாக்கில் வைக்காமல், காரின் அகலவாக்கில் குறுக்காகத் திருப்பி வைத்ததுதான் முக்கியக் காரணம்.

1956 சூயஸ் கால்வாய் நெருக்கடியால் எண்ணெய் வரத்து குறைந்து, பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சிக்கனமான சின்னக் கார் வேண்டும் என்று பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் முடிவெடுத்து, மோரிஸ் மைனர் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸிடம் வேலையை ஒப்படைத்தது. 1959 ஆகஸ்டில் மினி வெளிவந்தது.

நீளம் சுமார் 10 அடிதான். ஆனால் தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமான்களுக்கும்! 848 சிசி எஞ்சினின் அடியிலேயே, எண்ணெய்த் தொட்டிக்குள், கியர்பாக்ஸை வைத்துவிட்டார் இசிகோனிஸ். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால், பின்சக்கரம் வரை ஓடும் நீண்ட தண்டும் தேவைப்படவில்லை. சக்கரங்கள் வெறும் 10 அங்குலம். மேடுபள்ளங்களின் அதிர்வைத் தாங்க, சுருள்வில்லுக்குப் பதில் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ரப்பர் கூம்புகள். அவையும் அதிக இடம் பிடிக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது கதவு. கண்ணாடி கீழே இறங்காமல் பக்கவாட்டில் நகரும். அதனால் கதவுக்குள் பொருள் வைக்கப் பெரிய பை கிடைத்தது.

அப்புறம், 1964, 1965, 1967-இல் மான்டி கார்லோ ராலி என்ற கார்ப் பந்தயத்தையும் மினி வென்றது. சக்கரங்கள் நான்கு மூலைகளிலும் இருந்ததால் வளைவுகளில் அப்படி ஒரு பிடிமானம். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றிலும் எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கிறது. கியர்பாக்ஸ் மட்டும் அடியிலிருந்து பக்கத்துக்கு மாறிவிட்டது.