ரன்ஆஸ் போட்டும் எல்லாம் பச்சையா? சேல்ஸ்ஃபோர்ஸ் அனுமதி டெஸ்ட்: கேள்வி பதில்

சேல்ஸ்ஃபோர்ஸ் என்பது நிறுவனங்களின் தரவைக் கையாளும் இணையத் தளம், அதில் கோட் எழுதும் மொழி ஏபெக்ஸ். ஒருவருக்கு மறைக்கவேண்டிய தரவு உண்மையில் மறைகிறதா என்று டெஸ்டில் எப்படிப் பார்ப்பது? வந்த கேள்விகள் பலவும் இந்த ஒரே இடத்தில் முட்டுவதால் உதாரணத்தையும் ஒன்றாகவே வைத்துக்கொள்வோம். ரன்ஆஸ் என்பது டெஸ்டை இன்னொரு பாவனையாளராக ஓட்டும் கட்டளை, பச்சை என்றால் டெஸ்ட் தேறிவிட்டது. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். நெல் வாங்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலி. அதில் ‘கொள்முதல்’ என்று ஒரு கஸ்டம் ஒப்ஜெக்ட், அதாவது நாமே உருவாக்கிய தரவு அட்டவணை. அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு ரெக்கோட், பதிவில் உள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு ஃபீல்ட். தராசடியில் நிற்பவர் மூட்டை எண்ணிக்கையையும் கிலோவையும் பதிவார். விவசாயியின் வங்கிக் கணக்கு இலக்கம் அவருக்குத் தெரியக்கூடாது, முகாமையாளருக்குத் தெரியலாம்.

கிளிநொச்சி: அக்கா, தராசுக்காரரை ரன்ஆஸில போட்டுத்தான் டெஸ்ட் ஓட்டுறன். வங்கி இலக்கம் அவருக்கு மறைச்சுத்தான் இருக்கு. எண்டாலும் கியூரி (தரவைக் கேக்கிற கட்டளை) இலக்கத்தைத் தருது. கிளாஸில (ஏபெக்ஸ் கோட் தொகுதியில) வித் ஷேரிங்கும் இருக்கு, ஏபிஐ பதிப்பு 60.

டெஸ்டில் பிழை இல்லை தம்பி, கிளாஸில்தான். ரன்ஆஸ் ஆளை மாற்றும், அவ்வளவுதான். வித் ஷேரிங் எந்த ரெக்கோட் அவருக்குத் தெரியும் என்பதைப் பார்க்கும். எந்த ஃபீல்ட் என்று பார்க்காது. உங்கள் கியூரி, பாவனையாளரின் ஒப்ஜெக்ட், ஃபீல்ட் அனுமதிகளைப் பார்க்காத சிஸ்டம் மோடில் ஓடுவதால் ஃபீல்ட் அனுமதியை யாருமே கேட்கவில்லை. கியூரியில் வேர் பகுதிக்குப் பிறகு (ஓர்டர் பை, லிமிட் இருந்தால் அவற்றுக்கு முன்) வித் யூசர்_மோட் சேருங்கள், அப்போது பாவனையாளரின் அனுமதி பார்க்கப்படும். எழுதும் இடத்தில் இன்சேர்ட் அஸ் யூசர், அப்டேட் அஸ் யூசர். இவை 2023 ஸ்பிரிங் வெளியீட்டிலிருந்து பொதுப் பாவனையில் உள்ளவை.

சேர்த்ததும் கியூரி எக்ஸெப்ஷன் (கியூரியை நிறுத்தும் பிழை) விழும். இனித்தான் கவனம் வேண்டும். வெறும் ‘எக்ஸெப்ஷன்’ என்று பொதுவாகக் கச் பண்ணினால் (பிடித்தால்), வேறு ஏதோ பிழையால் விழுந்தாலும் டெஸ்ட் பச்சை காட்டும். கியூரி எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்து, அதன் கெட்இன்அக்ஸஸிபிள்ஃபீல்ட்ஸ் தரும் மேப்பில் வங்கி இலக்க ஃபீல்டின் பெயர் இருக்கிறதா என்று அசேர்ட் பண்ணுங்கள் (சரிபார்த்து, இல்லையென்றால் டெஸ்டை விழச் செய்யுங்கள்). எக்ஸெப்ஷன் விழாமலே போனால் டெஸ்ட் தோற்கவேண்டும், அதற்காக ட்ரைக்குள்ளே (பிழை வரக்கூடிய வரிகளைச் சுற்றும் பகுதி), கியூரிக்கு அடுத்த வரியில் அசேர்ட்.ஃபெயில் வையுங்கள். அசேர்ட் தோல்வியை ஏபெக்ஸில் கச் பிடிக்காது, ஆகவே அது விழுங்கப்படாது.

இன்னொன்று: வங்கி இலக்கத்தை ஒப்ஜெக்டிலேயே கட்டாய ஃபீல்டாக வைத்திருந்தால் அதை ஃபீல்ட் அனுமதியால் மறைக்கவே முடியாது. அதை முதலில் பாருங்கள்.

வவுனியா: பாவனையாளரை உருவாக்கி, பெர்மிஷன் செட் (அனுமதித் தொகுப்பு) குடுத்து, ஒரு கொள்முதலும் போட்டா மிக்ஸ்ட் டிஎம்எல் பிழை வருது.

டிஎம்எல் என்பது தரவைப் பதியும், மாற்றும் கட்டளைகள். யூசரும் பெர்மிஷன் செட் அசைன்மென்டும் (செட்டை ஆளுக்குக் கொடுக்கும் பதிவு) செட்அப் ஒப்ஜெக்டுகள். கொள்முதல் சாதாரண ஒப்ஜெக்ட். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலக்க விடாது. முதல் இரண்டையும், இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் உங்கள் ஐடியைக் கொண்ட ஒரு ரன்ஆஸுக்குள் வையுங்கள். கொள்முதல் வெளியே நிற்கட்டும். தராசுக்காரரின் ரன்ஆஸ் அதற்குப் பிறகு. ஒவ்வொரு ரன்ஆஸும் ஒரே ஓட்டத்துக்கான 150 டிஎம்எல் எல்லையில் ஒன்றைத் தின்னும், லூப்புக்குள் போட்டுவிடாதீர்கள்.

யூசருக்கு ஏலியஸ் (குறும்பெயர்) 8 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. யூசர்நேம் உங்கள் ஓர்கில் (உங்கள் நிறுவனத்தின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கில்) மட்டுமல்ல, எல்லா ஓர்கிலும் தனித்ததாக இருக்கவேண்டும். நேர முத்திரையை ஒட்டிவிடுங்கள். நேர வலயம் ஆசியா/கொழும்பு. புரொஃபைலாக (பாவனையாளரின் அடிப்படை அனுமதிகள்) ஸ்டாண்டர்ட் யூசரை எடுக்காதீர்கள். அதில் ஏற்கெனவே பல அனுமதிகள் இருக்கலாம், உங்கள் பெர்மிஷன் செட் வேலை செய்ததா என்பது தெரியாமலே போகும். மினிமம் அக்ஸஸ் புரொஃபைலை எடுத்து, மேலே பெர்மிஷன் செட்டை மட்டும் கொடுங்கள்.

மல்லாவி: பெர்மிஷன் செட் குரூப்பை (பல செட்டுகள் சேர்ந்த கூட்டத்தை) அசைன் பண்ணியாச்சு, ஆனா டெஸ்டில அனுமதி இல்லை எண்டுது.

குரூப் இன்னும் கணக்கிடப்படவில்லை. ரன்ஆஸுக்கு முன் டெஸ்ட்.கல்குலேட்பெர்மிஷன்செட்குரூப்புக்கு அந்தக் குரூப்பின் ஐடியைக் கொடுங்கள்.

முல்லைத்தீவு: எக்ஸெப்ஷன் வேண்டாம். இலக்கத்தை மட்டும் எடுத்துப்போட்டு மூட்டை, கிலோவைக் காட்டவேணும். எப்பிடி டெஸ்ட் பண்ணுறது?

அந்தக் கியூரியில் யூசர்_மோட் போடாமல், வந்த லிஸ்டை, அனுமதியில்லாத ஃபீல்டை நீக்கும் செக்கியூரிட்டி.ஸ்ட்ரிப்இன்அக்ஸஸிபிளில் ரீடபிள் என்று கொடுத்து வடியுங்கள். டெஸ்டில் நேரே இலக்கத்தை வாசிக்கப் போனால் ‘கியூரியில் இல்லாத ஃபீல்ட்’ என்று எஸ்ஒப்ஜெக்ட் எக்ஸெப்ஷன் வரும். ரெக்கோடில் இஸ்செட் கேளுங்கள் (அந்த ஃபீல்ட் அதில் இருக்கிறதா என்று சொல்லும்), பொய் என்று வரவேண்டும். கிலோவுக்கு இஸ்செட் மெய்யாக இருக்கிறதா என்றும் பாருங்கள், எல்லாமே வடிந்துபோகவில்லை என்பது அதில்தான் தெரியும். ஒப்ஜெக்டையே வாசிக்க அனுமதி இல்லாதவருக்கு நோஅக்ஸஸ் எக்ஸெப்ஷன் விழும். அதற்குத் தனி டெஸ்ட்.

மாங்குளம்: ஒட்டுசுட்டான் தராசுக்காரர் மல்லாவிக் கொள்முதலைப் பாக்கக்கூடாது. ஒப்ஜெக்ட் பிரைவேட் (பொதுவா ரெக்கோடின்ர ஓனருக்குத்தான் தெரியும்). கியூரி 0 தருது, போதும்தானே?

போதாது. தரவே இல்லாவிட்டாலும் 0 தான் வரும். இரண்டு ரெக்கோட் போடுங்கள்: ஒன்றின் ஓனர் அவர், மற்றதின் ஓனர் வேறு ஆள். சரியாக 1 வரவேண்டும், அதன் ஐடியும் அவருடையதாக இருக்கவேண்டும்.

புதுக்குடியிருப்பு: கவரேஜ் 75 வீதம் தாண்டியாச்சு. மறுக்கிற டெஸ்டுகளும் வேணுமா அக்கா?

75 என்பது ஓடிய வரிகளின் கணக்கு. தராசுக்காரர் தடுக்கப்பட்டாரா என்று அதற்குத் தெரியாது. கிளாஸைத் திறந்து வித் யூசர்_மோடை அழித்துவிட்டு டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சை என்றால், கிளிநொச்சித் தம்பிக்குச் சொன்ன அசேர்ட் உங்களிடமும் இல்லை.