சல்ஃபா மாத்திரை அலர்ஜி இருந்தால் வெங்காயம், பூண்டு, முட்டை சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். "சல்ஃபா ஒத்துக்கலைன்னா கந்தகம் இருக்கிற எதையும் தொடாதே" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதே பேச்சு எங்கள் வீட்டில் என் மாமியாரைப் படுத்திய பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அத்தைக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதுகு, கை எல்லாம் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு, "இது சல்ஃபா அலர்ஜி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்க" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். வெங்காயம், பூண்டு, முட்டை, முட்டைக்கோஸ், முள்ளங்கி, பருப்பு எல்லாம் விலக்காம். அத்தை ரசத்தில்கூடப் பூண்டு போட விடவில்லை. வெறும் மோர் சாதத்தில் நாட்கள் ஓடின. ஆள் பாதியாகிவிட்டார். நான் சொன்னால், "நீ என்ன டாக்டருக்கா படிச்சே?" என்பார்.

கடைசியில் தோல் டாக்டர் ஒருவர்தான் அவரை மாற்றினார். அத்தைக்குச் சர்க்கரை உண்டு, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். "அம்மா, இன்சுலின்ல இரண்டு சங்கிலி இருக்கு. அதைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிறதே கந்தகம்தான். அந்த ஊசி உங்களுக்கு ஒத்துக்குதே?" என்று கேட்டார். அன்று இரவே வீட்டில் முட்டைக் குழம்பு.

விஷயம் இதுதான். சல்ஃபா மருந்தை உடம்பு உடைக்கும்போது, அதன் அமீன் பகுதியிலிருந்து (நைட்ரஜன் உள்ள பகுதி அது) உண்டாகும் பொருள் நம் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. எதிர்ப்புசக்தி சண்டைக்குப் போவது அதோடுதான், கந்தகத்தோடு இல்லை. ஒரு பெரிய ஆளின் உடம்பில் சுமார் 140 கிராம் கந்தகம் இருக்கிறது. முடி, நகம், தசை எதுவும் அது இல்லாமல் கிடையாது. பெரும்பகுதி, சாப்பாட்டுப் புரதத்தில் இருக்கும் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வழியாக வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 60 கிலோ ஆளுக்கு இரண்டும் சேர்த்து தினம் 900 மில்லிகிராம் வேண்டும். ஒரு முட்டையிலேயே சுமார் 300 கிடைத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் பயப்பட வேண்டாம்: பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் போதும். இதற்காகக் கடையில் விற்கிற கந்தக மாத்திரை எதுவும் தேவையில்லை.

"டாக்டர் இல்லாதவர் மருத்துவம் சொல்லலாமா" என்று கருத்துப் பெட்டியில் வருவீர்கள், தெரியும். நான் யாரையும் மருந்தை மாற்றச் சொல்லவில்லை, சோற்றை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வெங்காயமே சேராதவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கணக்கு. சல்ஃபைட்டும் வேறு. அது உலர்பழம், ஒயின் போன்றவற்றில் கெடாமலிருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். பாக்கெட்டில் 220 முதல் 228 வரை எண் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆத்திரம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருந்துக் கடைகளில் அட்டையைப் பெயர் இல்லாத பக்கமாக வெட்டி, ஒரு காகித உறையில் போட்டுத் தருகிறார்களே, அது எவ்வளவு பெரிய ஆபத்து! டாக்டர் "எந்த மாத்திரை?" என்று கேட்டபோது எங்கள் கையில் இருந்தது பெயரில்லாத நான்கு வெள்ளை மாத்திரைகள். சீட்டைத் தேடிப் பிடிக்கும்வரை அத்தை சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வயதானவர்களுக்கு வாங்கும்போது பெயர் தெரிகிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், முறைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வையுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் சல்ஃபாசலசின், தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, இரண்டுமே சல்ஃபா வகைதான். யாராவது எழுதித் தந்தால் உங்கள் அலர்ஜியை அப்போதே சொல்லிவிடுங்கள்.