சொந்தமாக இசை அமைக்கும்போது சலிப்புத் தட்டாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: “வீட்டில் கணினியில் சொந்தமாகப் பாட்டு அமைக்கிறேன். முதல் நாள் தூக்கம் வராத அளவுக்கு உற்சாகம். இரண்டாவது வாரம் அதே பாட்டைத் திறந்தாலே எரிச்சல். புதிதாக ஒன்றும் தோன்றவும் மாட்டேன் என்கிறது. கற்பனை வற்றிவிட்டதா?”

வற்றியிருக்காது. அந்தப் பாட்டை அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இது உறைக்க நாலைந்து வருஷம் ஆனது. அதுவும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு.

நிமிடத்துக்கு 96 பீட் (தாளத் தட்டு) வேகம், ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நாலு பீட். எட்டு பார் என்றால் 32 பீட், சரியாக 20 விநாடி. அதை லூப்பில், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்படி ஓடவிட்டு, கிக் டிரம்மைக் கொஞ்சம் கூட்டி, எதிரொலியைக் கொஞ்சம் குறைத்து உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் 180 முறை காதில் விழும். ராத்திரிக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து ராத்திரி போனால் 3,600 முறை. எந்த மெட்டு அதைத் தாங்கும்? நமக்கு உயிரான பாட்டைக்கூடப் பத்து நாளில் இத்தனை தடவை யாரும் கேட்பதில்லை. சொந்தப் பாட்டை மட்டும் இப்படிப் போட்டு அரைத்துவிட்டு, அது இனிக்கவில்லையே என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

எனக்கு அப்படிப் போன பத்து நாளில் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த தங்கை ஒரு ராத்திரி கதவைத் தட்டி, “அண்ணா, பாட்டு எப்பதான் ஆரம்பிக்கும்?” என்றாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். அந்த எட்டு பாரைச் சுவர் வழியாகக் கேட்டு, முன்னிசைதான் ஓடுகிறது என்று காத்திருந்திருக்கிறாள்.

திரும்பத் திரும்பக் கேட்டால் அலுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்கிற பொருளே மாறிவிடும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. டயானா டாய்ச் என்ற இசை உளவியல் ஆய்வாளர் 1995-இல் தன் பேச்சுப் பதிவு ஒன்றைச் சரிபார்க்கும்போது, அதில் ஒரு சொற்றொடரை மட்டும் லூப்பில் ஓடவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அது பேச்சாகக் கேட்கவில்லை, யாரோ பாடுவதுபோல் கேட்டது. பதிவில் ஒரு மாற்றமும் இல்லை. பேச்சே சில சுற்றில் பாட்டாகிறது என்றால், பாட்டு 3,600 சுற்றில் என்னவாகும்? என் அனுபவத்தில் மின்விசிறிச் சத்தமாகிவிடும். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. “இது குப்பை” என்று தீர்ப்பு எழுதி அழிப்பது இந்த நிலையில்தான். அப்படி அழித்ததில் இரண்டு மெட்டுகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே புதிதாக யோசிக்க வழி தேடுவதற்கு முன்னால், கேட்பதைக் குறையுங்கள். என் மேசையில் ஒரு தாள் இருக்கும். பாட்டை ஓடவிடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. ஒரு நாளைக்குப் பத்துக் கோடு, மிச்சம் மறுநாள். பார்க்கக் கஞ்சத்தனமாக இருக்கும். ஆனால் கோடு செலவாகிறதே என்ற நினைப்பில், எதைக் கேட்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே விரல் பொத்தானுக்குப் போகிறது. “இரண்டாவது சரணத்தில் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் வாத்தியம்) குரலை மறிக்கிறதா?” அதற்கு ஒரு கோடு. சும்மா ஓடவிட்டுத் தலையாட்டுவதற்குக் கோடு கிடையாது. மெட்டுப் போடுகிற நாளில், ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸிங் பக்கம் போவதும் இல்லை. திரையையும் அணைத்துவிடுவேன். அலைவடிவம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தால் காது தன் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொள்கிறது.

ஒலியளவையும் சொல்லியாக வேண்டும். அலுத்த காது முதலில் கேட்பது “இன்னும் கொஞ்சம் சத்தம்”. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே அளந்து காட்டியது இது: குறைந்த ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் மங்கிப்போகும், கூட்டினால் அவை நிரம்பி எழும். அதனால் சத்தத்தைக் கூட்டியதுமே பாட்டு நன்றாகிவிட்டது என்று தோன்றும். அரை மணி நேரத்தில் அதுவும் பழகிவிடும், மறுபடி கூட்டுவோம். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94 டெசிபலில் ஒரே ஒரு மணி நேரம். என்னிடம் கருவி ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணக் குரலில் பேசினால் புரிய வேண்டும், அதுதான் என் அளவு.

சரி, கேட்பதைக் குறைத்தாயிற்று. இரண்டு நாள் விட்டுத் திறந்தும் பாட்டு நகரவில்லை என்றால்? அப்போது நான் மேலே உள்ள சுரங்களைத் தொடுவதில்லை. அவற்றுக்கு அடியில் நிற்கும் ஆதார சுரத்தை நகர்த்துகிறேன்.

கர்நாடக இசை பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, கிரகபேதம் என்பார்கள். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ ரி க ப த, ஐந்தே சுரம். அதே ஐந்தை வைத்துக்கொண்டு ரிஷபத்தை (ரி) ஆதார ஸட்ஜமாக (ஸ) நினைத்தால் மத்தியமாவதி ராகம் வரும். காந்தாரத்தை நினைத்தால் இந்தோளம். பஞ்சமத்துக்குச் சுத்த சாவேரி, தைவதத்துக்குச் சுத்த தன்யாசி. கூடுதலாக ஒரு சுரம் வாங்கவில்லை, ஆனால் கையில் ஐந்து ராகம். சாஸ்திரம் தெரியாவிட்டாலும் கீபோர்டின் கறுப்புக் கட்டைகளில் செய்து பார்க்கலாம். இடது கையால் தாழ்ந்த பகுதியில் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கறுப்புக் கட்டைகளில் மட்டும் ஒரு சின்ன மெட்டு வாசியுங்கள். அடுத்து வலது கை அதே மெட்டையே வாசிக்கட்டும். இடது கை மட்டும் வேறொரு கறுப்புக் கட்டைக்குப் போகட்டும். துள்ளிக்கொண்டிருந்த மெட்டு சட்டென்று ஏங்க ஆரம்பிக்கும்.

தங்கை கேட்ட அந்த எட்டு பாரை இப்படித்தான் மீட்டேன். மோகனத்தை ஒட்டிய மெட்டு அது. பேஸ் முழுக்க ஸட்ஜத்திலேயே நின்றிருந்தது. அதைத் தைவதத்துக்கு இறக்கிய அன்று, பத்து நாளாகச் செத்துக் கிடந்த மெட்டில் ஒரு கனம் வந்தது. அதுவே சரணமாயிற்று. அதற்குப் பொருத்தமாகப் பல்லவியைப் புதிதாக எழுதினேன். முதலில் தோன்றிய, நான் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தத் துணுக்கு, முதல் வடிவத்தில், இப்போது பாட்டின் கடைசியில் ஒரே ஒரு தடவை வருகிறது. இதிலிருந்து ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: பாட்டு சிக்கிக்கொண்டால் முதலில் பிறந்த டிராக்கை (ஒரு வாத்தியத்தின் தனிப் பதிவை) ஊமையாக்கிப் பார்ப்பேன். அதிகம் கேட்டுத் தேய்ந்திருப்பது அதுதானே. மனசு கேட்காது, இருந்தாலும் செய்வேன்.

தேர்வு செய்து செய்தே களைப்பதும் உண்டு. வீட்டிலேயே பல டிராக் பதிவு செய்யலாம் என்று 1979-இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டூடியோவைக் கொண்டுவந்தபோது, அந்தக் காசெட் கருவியில் இருந்தது நாலே டிராக். இன்றைக்குக் கணினியில் டிராக்குக்கும் பஞ்சமில்லை, ஸ்னேர் டிரம் ஒலிகளுக்கும் பஞ்சமில்லை. நூறு ஸ்னேரைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பதற்குள் மெட்டு மறந்துபோகும். நான் எட்டு டிராக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். மிடியில் (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாகப் பதியும் முறையில்) வாசித்ததை அன்றைக்கே ஆடியோவாக மாற்றிவிடுவேன், திரும்பிப் போய் நோண்ட முடியாது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975-இல் வெளியிட்ட யோசனைச் சீட்டுகளை (வேலை சிக்கும்போது ஒன்றை உருவி, அதில் எழுதியிருப்பதைச் செய்து பார்ப்பது) போல நானும் சில சீட்டுகள் எழுதி வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். முதல் மாதம் உதவியது. பிறகு வேலையை ஒத்திப்போட அதுவே ஒரு சாக்காகிவிட்டது. உங்களுக்கு ஒத்துவரலாம்.

“புத்துணர்ச்சி வேண்டுமா, நிறையப் புது இசை கேள்” என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். வேலை செய்யாத நாளில் கேளுங்கள், வாய் பிளந்து கேளுங்கள். வேலை செய்த ராத்திரியில் வேண்டாம். தேய்ந்த காதோடு கேட்டால் அதுவும் பிடிக்காது, கூடவே அடுத்தவரோடு ஒப்பிட்டுக் குமைவதுதான் மிச்சம். அப்படிப்பட்ட ராத்திரிகளில் எனக்கு மௌனம்தான் தேவைப்படுகிறது. தூக்கம் கெட்டு வருகிற களைப்புக்கு இதில் எதுவும் மருந்தில்லை, போய்ப் படுத்துவிட வேண்டியதுதான்.

இப்போதும் ஒரு பாட்டு பாதியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூடினேன், வியாழன் வரை திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது அதன் பல்லவி தானாக வாயில் வந்தது. மூன்றாவது வரி முடிகிற இடத்தில், நான் எழுதாத ஒரு நிஷாதம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைப் போட்டுவிட்டு போனில் முணுமுணுத்துப் பதிவு செய்தேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. இன்றைக்குச் செவ்வாய்தான்.